ஜோதிலட்சுமி வரைந்த அம்புகள்

ஜோதிலட்சுமி என்ற பெயர் தூரத்துச் சொந்தங்களின் காதில் முதன்முதலாக விழுந்தது ராஜரத்தினத்தின் பதினாறாம் நாள் காரியத்தில். நொச்சிக்குப்பத்து ராஜரத்தினம் என்றால் வலைக்கார வடிவேலுவுக்கு அண்ணன். இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் பெண் எடுத்த இடம் வேறு வேறு. அண்ணன் உள்ளூரில் மாமன் மகளைக் கட்டினான். தம்பிக்குக் காசிமேட்டிலிருந்து தேவானை வாழ்க்கைப்பட்டு வந்தாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆவணி மாசம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தபோது, தேவானைக்குத் தூரத்து அத்தை ஒருத்தி மூலையைப் பார்த்துக் கையை நீட்டி, பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"யாருடி அந்தப் பொண்ணு, சாவு வூட்ல குந்திக்கினு கட்டம் கட்டமா பேப்பர்ல போட்டுக்கினு கீது?"

"அது நம்ம வடிவேலு பொண்ணு அத்த, ஜோதிலட்சுமி. தேனாம்பேட்டைல கம்ப்யூட்டர் ஆபீஸ்ல கீது."

"கம்ப்யூட்டர் வச்சினு ஏன் பேப்பர்ல போடுது?"

"கம்ப்யூட்டர் போட்டது இதுக்குப் புடிக்கலியாம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும் விஷயம் அதுதான். கம்ப்யூட்டர் போடுகிற கட்டங்களை மனுஷர் பார்க்கிற மாதிரி ஆக்குவதுதான் அவள் வேலை. அந்த வேலைக்காக அவள் இன்னொரு வேலையைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் என்பது அன்றைக்கு அந்தப் பந்தலில் ஒருவருக்கும் தெரியாது.

வடிவேலுவுக்கும் தேவானைக்கும் நான்கு பிறந்து தங்கியது ஒன்று. தங்கிய ஒன்றைத் தேவானை மீன் கூடை பக்கம் நெருங்க விடவில்லை. படி, படி என்று விரட்டினாள். பெண்ணும் கணக்கில் பட்டம் வாங்கி, டைப் ஹையர் தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தது. அதற்கப்புறம் பெண்ணைவிட அம்மாதான் அந்த அலுவலகத்துக்கு அதிகம் போனாள். மாசம் ஒரு தரம் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் படியேறி, "எம் பொண்ணு பேரு மேல வந்துக்கினு கீதா சார்?" என்று கேட்பாள். "வருதும்மா, நண்டு மாதிரி வருது" என்பார் அங்கே ஒரு குமாஸ்தா. "நண்டு பக்கவாட்டுல இல்ல சார் போவும்?" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

நான்கு வருஷம் கழித்து, சித்திரையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போய் வந்தாள். பதில் இல்லை. சும்மா இருப்பானேன் என்று வைகாசியில் தேனாம்பேட்டை கம்பெனியில் சேர்ந்தாள். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. பன்னிரண்டு பேர், ஒன்பது கம்ப்யூட்டர். முதலாளி ராகவேந்திரன். மயிலாப்பூர்க்காரர், நெற்றியில் கோபிசந்தனம் காய்ந்திருக்கும். கோபம் வந்தால் குரல் தணியும், அதுதான் பயம். "ஆறு மாசம் பார்ப்போம்மா. நவம்பர்ல நிரந்தரம் பண்ணிடறேன்" என்றார்.

வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹாலந்து நாட்டில் ஒரு துறைமுகக் கிடங்கு. அங்கே எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க இவர்கள் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் நிரல் எழுதிக் கொடுக்கிறார்கள். ஜாவாவில் எழுதுகிறவர்கள் காரியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். அதைக் கிளாஸ் என்பார்கள். கிளாஸுக்குக் கிளாஸ் உறவுமுறை உண்டு. சரக்கு என்று ஓர் அப்பன். குளிர்சரக்கு, உடையும் சரக்கு என்று அவனுக்குப் பிள்ளைகள். அப்பனுக்கு என்னென்ன உண்டோ அதெல்லாம் பிள்ளைகளுக்கு வரும். பிள்ளைக்கென்று தனியாக இருப்பது அப்பனுக்குப் போகாது. இப்படி நூற்று நாற்பத்து மூன்று. இத்தனை பேர் யாருக்கு யார் என்று எழுத்தைப் படித்துக் கண்டுபிடிக்க ஒருத்தராலும் ஆகாது. அதனால் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கட்டம், உறவுக்கு ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு முக்கோண அம்பு என்று படமாகக் கேட்டார்கள் ஹாலந்துக்காரர்கள். அதுவும் மனுஷர் வரையக் கூடாது. ஜாவா எழுத்திலிருந்து கம்ப்யூட்டரே எடுத்து வரைய வேண்டும். எழுத்து ஒன்றும் படம் ஒன்றுமாகப் போய்விடக் கூடாதல்லவா, அதற்காக. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு வரி இருந்தது.

வரைகிற நிரலைக் கிரீஷ் என்ற பையன் எழுதினான். எழுதி முடித்த கையோடு விசா வந்து அமெரிக்கா பறந்துவிட்டான். போகும்போது அவன் விட்டுப் போனது நாற்பத்தொரு வரி கொண்ட ஒரு செட்டிங்ஸ் கோப்பு. வரிக்கு ஓர் ஆங்கில வார்த்தை, ஒரு சமக்குறி, பக்கத்தில் ஆம், இல்லை, அல்லது ஓர் எண். எது எதைச் செய்யும் என்று அவன் ஓர் எழுத்துகூட எழுதி வைக்கவில்லை. முதல் தரம் ஓட்டியபோது படம் அறுபத்து மூன்று தாளுக்கு வந்தது. ஒட்டித் தரையில் விரித்தார்கள். கட்டத்துக்குள் கட்டம் தெரியாமல் எழுத்து, கோட்டுக்கு மேல் கோடு. ஜவஹர் என்று ஒரு புரோகிராமர், அதைத் தாண்டிக் குதித்து டீ குடிக்கப் போனான். அவனும் மற்றவர்களும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. நிரல் எழுதுகிறவன் படம் போடுவானா? வேலை புதிதாக வந்த பெண் தலையில் விழுந்தது.

"இன்னா ஜோதி, இன்னிக்கு எத்தினி புள்ளி, எத்தினி வரிசை?" என்பான் ஜவஹர்.

"உங்க வூட்டு வாசல் அளவு சொல்லுங்க, போட்டுத் தரேன்" என்பாள்.

அவள் செய்த விதம் இதுதான். ஒரு நாளைக்கு ஒரு வரியை மட்டும் தொடுவாள். ஆம் என்றிருப்பதை இல்லை என்று மாற்றி, படத்தை ஓட்டி, என்ன மாறியது என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதுவாள். கட்டத்துக்குள் இருக்கும் சொந்தச் சமாச்சாரங்களை மறைக்கும் வரி ஒன்று. அதை மாற்றியதும் பாதி எழுத்து போனது. பெயருக்கு முன்னால் நீளமாக வரும் முகவரியை நீக்கும் வரி ஒன்று. எழுத்தின் அளவு, கட்டங்களுக்கு நடுவே இடைவெளி, தாளை எங்கே வெட்டுவது. கட்டத்துக்குச் சாம்பல் நிறம் போடுகிற வரியும் இருந்தது. ஃபேக்ஸில் போனால் கரும்புள்ளியாக அப்பிக்கொள்ளும் என்று அவளே யோசித்து அதை வெள்ளையாக்கினாள். அறுபத்து மூன்று நாற்பதாயிற்று, இருபத்தாறாயிற்று. ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினோரு தாளில் நூற்று நாற்பத்து மூன்று பேரும் முட்டாமல் மோதாமல், அவரவர் அப்பன் கீழே அவரவர் பிள்ளைகளாக நின்றார்கள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராகவேந்திரன் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அந்த ஆபீஸில் அதற்கு மேல் யாரையும் அவர் சொன்னதில்லை.

அந்த வாரம்தான் அரசாங்க உத்தரவு வந்தது. தேவானை மீன் விற்கப் போயிருந்தாள், வடிவேலு கடலில். தபால்காரர் ஜோதி கையில் கொடுத்தார். தட்டச்சர் பதவி, பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். போய் யாரோ எழுதியதைப் பார்த்து அடிப்பதா? இங்கே ஒரு வரியைத் தொட்டால் நூறு கட்டம் எழுந்து இடம் மாறி உட்காருகிறதே. அதை விடுவதா? நவம்பரில் நிரந்தரம் என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறாரே. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. டிரங்குப் பெட்டிக்குள் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் அதை வைத்தாள். பதினைந்து நாளும் போயிற்று. அதற்கப்புறம் தேவானை ஒவ்வொரு முறை, "இன்னும் ஒரு கடுதாசியும் வர்லியேடி" என்னும்போதும் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுவாள்.

தவறு நடந்தது புரட்டாசியில். தவறு என்று அவளுக்கு அப்போது தெரியாது. படம் அழகாக வந்துவிட்டது, ஆனால் அம்பு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கீழே இருக்கும் பிள்ளையிலிருந்து கிளம்பி, மேலே இருக்கும் அப்பனை முட்டிக்கொண்டு நின்றது முக்கோணம். எங்கேயாவது அப்படி உண்டா? குப்பத்தில் வலைப்பங்கில் தகராறு வந்தால் பெரியவர்கள் மணலில் கோடு கிழித்துத்தான் தீர்ப்பார்கள். பாட்டனில் தொடங்கிக் கோடு கீழே வரும், இவன் பெற்றது இவன், அவன் பெற்றது அவர்கள் என்று விரல் இறங்கிக்கொண்டே போகும். விரல் ஒருநாளும் மேலே ஏறாது. கிரீஷ் அவசரத்தில் விட்ட பிழைகள் வேறு நாலைந்து இருந்தன. இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தாள். அம்புக்கான வரியைக் கண்டுபிடித்துத் திருப்பினாள். திருப்பினால் அம்பு மாறியது, கூடவே படமே கவிழ்ந்தது. பிள்ளைகள் மேலே, அப்பன்கள் கீழே. சரியென்று இன்னும் இரண்டு வரியைத் தட்டி, இடைவெளியை மாற்றி, தாள் வெட்டை மாற்றி, பத்து நாள் மல்லுக்கட்டி மறுபடி பதினோரு தாளுக்குள் கொண்டு வந்தாள்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதும் பெண், இதை மட்டும் எழுதவில்லை. மாற்றம் செய்தால் எழுதலாம், பிழையைத் திருத்தியதை யாராவது எழுதி வைப்பார்களா? பழைய கோப்பின் மேலேயே சேமித்தாள். கிரீஷின் கம்ப்யூட்டரைத் துடைத்து அதற்குள் வரவேற்பு மேஜைக்குக் கொடுத்திருந்தார்கள், பழைய பிரதி அதிலும் இல்லை.

ஐப்பசி கடைசியில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரம், பதினோரு தாளும் ஃபேக்ஸில் ஹாலந்துக்குப் போனது. மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு ராகவேந்திரன் தன் அறைக்கு அவளையும் ஹம்சினியையும் கூப்பிட்டார். ஹம்சினி புரோகிராமர்களுக்கு மேலே இருந்தவள். கபாலி கோயில் மாடவீதியில் நாலு தலைமுறையாக இருக்கும் வீட்டுப் பெண். அவர் குரல் தணிந்திருந்தது.

"பதில் வந்திருக்கு. எல்லா அம்பும் தலைகீழா இருக்காம். நம்ம படத்தை நம்பினா, சரக்குன்னாலே உடையற சரக்குன்னு ஆறதாம். இரும்புக் குழாய் கூட உடையற சரக்காம். 'உங்கள் படம் தப்பா, உங்கள் நிரலே தப்பா?'ன்னு கேக்கறான். மத்தியானம் ரெண்டரைக்குப் போன் பண்றான். அதுக்குள்ள சரியான படம் அவன் கையில இருக்கணும். இல்லேன்னா அடுத்த கட்ட வேலை நமக்கு இல்லை. அந்த வேலை இல்லேன்னா நாலு பேரை அனுப்பிடணும். கடைசியா சேர்ந்தவாளை முதல்ல."

கடைசியாகச் சேர்ந்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் ஹம்சினி கேட்டாள். "ஜோதி, அம்பை நீ தொட்டியா?"

"தொட்டேன் மேடம். கிரீஷ் தப்பா விட்டுட்டார்னு நெனச்சேன். அப்பாகிட்டேர்ந்துதானே பிள்ளைக்கு வரணும்?"

ஹம்சினி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "உன் பேருக்கு முன்னாடி வி போட்டுக்கறயோல்லியோ? அது யாரு?"

"எங்க நைனா. வடிவேலு."

"உங்கப்பா தன் பேர்ல எங்கயாவது உன் பேரைப் போட்டுண்டிருக்காரா?"

"இல்ல மேடம்."

"அவ்வளவுதான். ஜாவாவுலயும் அப்படித்தான். பிள்ளைதான் 'நான் இன்னாரோட பிள்ளை'ன்னு தன் தலையில எழுதிண்டு நிக்கும். அப்பாவுக்குத் தனக்கு யார் பிள்ளை, எத்தனை பிள்ளைன்னு ஒண்ணுமே தெரியாது. எழுதிண்டவாகிட்டேர்ந்து அம்பு கிளம்பும். ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

கேட்டிருக்கலாம். கேட்டால் ஜவஹர் காதில் விழும், "அம்பே தெரியாதா?" என்பான் என்று கேட்கவில்லை. 

பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அம்பு வரியைப் பழையபடி திருப்பினாள். படம் கவிழ்ந்தது. கவிழ்ந்ததை நிமிர்த்த எந்த இரண்டு வரியை அன்றைக்குத் தட்டினோம்? ஒன்று நினைவிருந்தது, இன்னொன்று இல்லை. ஒரு வரியை மாற்றினால் படம் படுத்துக்கொண்டது, இடமிருந்து வலமாக. இன்னொன்றை மாற்றினால் நிமிர்ந்தது, ஆனால் முப்பத்தொரு தாளுக்குச் சிதறியது. ஒவ்வொரு தரமும் படம் வரைந்து திரைக்கு வர ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளியே மழை. டயர் கடைக்காரர்கள் தண்ணீரை வாளியால் இறைத்து வீதியில் கொட்டும் சத்தம் மேலே கேட்டது. பதினொன்றரை. நோட்டைப் புரட்டினாள். முப்பத்தேழு வரிக்குக் குறிப்பு இருந்தது, வேண்டிய நாலுக்கு இல்லை. பன்னிரண்டு. டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் உத்தரவின் தேதி மனசில் வந்தது. இந்த வேலையும் போனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? ஒரே வரியில் இரண்டு தரம் தப்பாக அடித்தாள்.

"சாப்பிட வரலியா ஜோதி?" என்றான் ஜவஹர். அன்றைக்கு அவன் கோலத்தைப் பற்றிப் பேசவில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்தாள். ஏற்கெனவே அனுப்பிய பதினோரு தாளின் நகலை எடுத்தாள். கட்டமெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, அம்பு மட்டும்தானே தப்பு? ஒயிட்னர் புட்டியைத் திறந்து, பிள்ளைகளின் தலையில் நின்ற முக்கோணத்தை ஒவ்வொன்றாக அழித்தாள். காய்ந்ததும், மெல்லிய கறுப்புப் பேனாவால், அடிக்கோல் வைத்து, அப்பன் காலடியில் புதுமுக்கோணம் போட்டாள். ஒரு தாளுக்கு ஒன்பது, பத்து. மொத்தம் நூற்றுக்கும் மேல்.

ஹம்சினி வந்து நின்று பார்த்தாள். "கையாலயா?"

"நேரமில்ல மேடம். படம் சரியாத்தான் இருக்கும். நெசமாவே சரியா இருக்கும். சாயங்காலத்துக்குள்ள செட்டிங்ஸையும் சரி பண்ணிடறேன்."

ஹம்சினி திரும்பி ராகவேந்திரன் அறையைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒம்பதாவதும் பத்தாவதும் பதினொண்ணாவதும் என்கிட்ட குடு." இரண்டு தலையும் ஒரு மேஜை மேல் குனிந்திருந்தது.  ஒன்று ஐம்பதுக்குப் பதினோரு தாளும் ஃபேக்ஸில் ஏறியது. இரண்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்த சீட்டு வந்தது. 

இரண்டரைக்கு மணி அடித்தது. ராகவேந்திரன் அறையில் ஸ்பீக்கர் போன். அவர், ஹம்சினி, ஜவஹர், சுவரோரம் ஜோதி. ஹாலந்துக்காரர் பொறுமையான மனுஷர். அம்புகள் இப்போது சரி என்றார். சரக்கு சரக்காகவும், உடைவது உடைவதாகவும் இருக்கிறது என்றார். ராகவேந்திரன் முகம் தெளிந்தது. அப்புறம் ஹாலந்துக்காரர் ஒன்று கேட்டார். எட்டாம் தாள் வரைக்கும் முக்கோணம் ஒரு மாதிரி, ஒன்பதிலிருந்து வேறு மாதிரி, கொஞ்சம் சின்னதாக, சாய்ந்து இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டர் எப்படி இரண்டு விதமாக வரையும்? இதை நிரலிலிருந்து எடுத்ததா, கையால் போட்டதா?

ராகவேந்திரனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் ஹம்சினியைப் பார்த்தார். ஹம்சினி மேஜையைப் பார்த்தாள்.

ஜோதி இரண்டடி முன்னால் வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் எழுத வரும், பேச வராது. வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். கட்டமெல்லாம் கம்ப்யூட்டர் போட்டது. அம்பெல்லாம் நான் போட்டது. கையால். எல்லாமே நான்தான்.

 ஹாலந்துக்காரர் சொன்னார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் நான் கேட்டது நிரல் தன்னைத் தானே எப்படிச் சொல்கிறது என்பதை. நீங்கள் அனுப்பியது நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பதை. இன்று அம்பைக் கையால் திருத்தியவர்கள் நாளை எதைத் திருத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கட்டத்தை வேறு ஆட்களிடம் பேசுகிறோம்.

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

ராகவேந்திரன் ஸ்பீக்கர் போனை அணைத்தார். பிறகு, கிட்டத்தட்டக் காதில் விழாத குரலில், "திங்கக்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார்.

அவள் தன் நாற்காலிக்குப் போனாள். கம்ப்யூட்டர் அணைக்காமல் இருந்தது. போகலாம்தானே? போகவில்லை. பதற்றம் விட்டுப் போனதாலோ என்னவோ, இப்போது விஷயம் பிடிபட்டது. யார் மேலே நிற்க வேண்டும் என்று ஒரு வரி, அம்பு கோட்டின் எந்த முனையில் உட்கார வேண்டும் என்று வேறொரு வரி. இரண்டும் தனித்தனி. அவள் அன்றைக்கு முதலாவதைத் திருப்பிவிட்டு, அம்பைத் திருப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் அதது இடத்தில் வைத்தாள். இடைவெளியைச் சரி செய்தாள். நாலே முக்காலுக்குப் பதினோரு தாள், அப்பன் மேலே, பிள்ளை கீழே, அம்பு பிள்ளையிலிருந்து அப்பனுக்கு. கை படாத படம். ஒரு பிரதி எடுத்து, நோட்டையும் அதன் மேல் வைத்து, ஹம்சினியின் மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

ஹம்சினி குடையோடு பின்னாலேயே வந்தாள். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள். "நான் சொல்லியிருக்கணும். அந்த மூணு தாள் என்னோடது" என்றாள்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம் மேடம்."

"உனக்கு என்மேல கோபமா?"

"தெரியல மேடம். பஸ் வருது."

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடற்கரைச் சாலைக்குப் போனாள். மழை விட்டிருந்தது. தேவானை பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் பலகை போட்டு உட்கார்ந்து, ஒரு வீட்டம்மாளுக்கு வவ்வால் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜோதி பக்கத்தில் குந்தினாள். குந்தியபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போனதை முதலில். அப்புறம் டிரங்குப் பெட்டிக்குள் இருப்பதை.

தேவானையின் கத்தி நின்றது. "இன்னா சொன்ன?"

"ஆகஸ்ட்லயே வந்துச்சும்மா. நான் போவல."

"ஏம்மா, துண்டு சின்னதா போடு" என்றாள் மீன் வாங்க வந்தவள்.

"போடறேம்மா, இரு." கத்தி மறுபடி ஓடியது. "எத்தினி தபா அந்தப் படி ஏறினேன் தெரியுமாடி ஒனக்கு? மழைல ஏறினேன், வெயில்ல ஏறினேன். ஒங்க பெரிப்பன் செத்த வாரங்கூட ஏறினேன். வந்ததை நீ பொட்டில வச்சிக்கினு, என் மூஞ்சியப் பாத்துக்கினு, தெனம் சோறு துன்னுக்கினு இருந்த?"

"அம்மா..."

"பேசாதே. கை கத்தில கீது." மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஜோதி அவள் முதுகில் கை வைத்தாள். தட்டிவிட்டாள். மறுபடி வைத்தாள். இரண்டாந்தரம் தட்டிவிடவில்லை.

திங்கட்கிழமை காலை அம்மாவும் பெண்ணும் உத்தரவை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். தேவானை அன்றைக்குக் கூடை தூக்கவில்லை. தலை வாரி, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தாள். அந்தக் குமாஸ்தா கடிதத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் படித்தார்.

"கெடு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சேம்மா. உத்தரவு போட்டப்பவே இந்தப் பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு. வேணும்னா புதுசா பதியலாம். கடைசிலேர்ந்து வரணும்."

"ஏதோ சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிச்சு சார். நீங்க மனசு வச்சா..."

"என் மனசுல ஒண்ணும் இல்லம்மா. வேற ஒருத்தர் சேர்ந்துட்டாங்க."

தேவானை அவரிடம் திருப்பி எதுவும் சொல்லவில்லை. அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "புதுசா பதி" என்று மகளிடம் சொன்னாள். ஜோதி படிவத்தை வாங்கி, ஜன்னல் ஓரம் நின்று நிரப்பினாள். பெயர், வி. ஜோதிலட்சுமி. தகப்பனார் பெயர், வடிவேலு. படிப்பு. முன் அனுபவம் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அதை வெறுமனே விட்டுவிட்டுக் கொடுத்தாள்.

வடிவேலுவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்கள். அவன் மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை, நாலாம் நாள் சாப்பிட்டான். மார்கழியில் ஹம்சினி ஒரு தரம் குப்பத்துக்கு வந்து விசாரித்தாள். ஆபீஸில் நாலு பேர் இல்லை, ஆறு பேரை அனுப்பிவிட்டார்கள் என்றாள். ஜவஹரும் அதில் ஒருத்தன். அவளுடைய நோட்டு தன்னிடம்தான் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் ஜோதி. தேவானை வந்தவளுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது தொண்ணூற்றொன்பது ஆடி. ஜோதிலட்சுமி தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள்.